பல வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

14 வருஷம் கழித்துக் கோயிலுக்குப் போனபோது எனக்கு வந்த முதல் சந்தேகம் பாவத்தைப் பற்றியதல்ல, செருப்பைப் பற்றியது. வாசலில் கழற்றிப் போட வேண்டுமா, அப்படியே உள்ளே போகலாமா என்பதே மறந்துபோயிருந்தது. படியில் நின்று மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு பாட்டி கழற்றிப் போட்டார், நானும் கழற்றினேன். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் கழற்றுவதுதான் வழக்கம். உங்கள் முதல் சந்தேகம் இதோடு தீர்ந்தது.

ஞானஸ்நானம் வாங்கி, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கி, அப்புறம் வேலையிலோ கல்யாணத்திலோ கோபத்திலோ வெறும் சோம்பேறித்தனத்திலோ கோயிலை விட்டுவிட்டு, இப்போது திரும்பி, குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிற மதுரைப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நான் குருவானவரில்லை, உபதேசியாரும் இல்லை. போய்விட்டு வந்தவன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சொல். எபிரேயத்தில் மனந்திரும்புவதற்கு ‘ஷூப்’ என்பார்கள், வந்த வழியே திரும்பி நடப்பது என்று பொருள். கிரேக்கத்தில் ‘மெட்டனோயா’, அதாவது மனம் மாறுவது. ஒன்று காலுக்குச் சொல்வது, இன்னொன்று மனசுக்குச் சொல்வது. தமிழில் ‘மனந்திரும்புதல்’ என்று வைத்தவர்கள் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். ஆனால் நாம் ‘மனம்’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘திரும்புதல்’ என்பதை விட்டுவிடுகிறோம். மனசு தயாராகட்டும், அழுகை வரட்டும், கெட்ட பழக்கம் முதலில் போகட்டும் என்று காத்திருக்கிறோம். நான் காத்திருந்த 14 வருஷத்தில் ஒன்றும் தானாகப் போகவில்லை.

முதலில் நாளைக் குறியுங்கள்

அதனால் மனஸ்தாபத்துக்கு, அதாவது செய்த பாவத்துக்கு வருந்துவதற்கு, முன்னால் காலண்டரைப் பாருங்கள். பழைய ஞானோபதேசத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிமேல் செய்யமாட்டேன் என்கிற பிரதிக்கினை, குருவிடம் சொல்வது, அவர் பரிகாரமாகச் செய்யச் சொல்கிற அபராதத்தைத் தீர்ப்பது. வரிசை சரிதான். ஆனால் என்னைப் போல ஒத்திப்போடுகிறவர்களுக்கு இதற்கு முன்னால் ஒரு காரியம் வேண்டும், தேதி.

பெரிய வியாழனுக்கும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்கும் குறிக்காதீர்கள். அன்றைக்கு வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். சாமியாருக்கும் உங்களுக்கும் தலைக்கு இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும். 14 வருஷக் கணக்கை இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாது என்றில்லை, சொல்லலாம், ஆனால் பின்னால் நிற்பவர் தொண்டையைக் கனைப்பார். சாதாரண வாரத்தில் ஒரு கிழமை பூசைக்கு அரைமணி முன்னால் போங்கள். கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டால் எப்போது பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். இன்னும் நல்லது, பங்குத்தந்தையிடம் போனில் சொல்லி நேரம் வாங்குவது. “ஃபாதர், ரொம்ப நாள் ஆச்சு, கொஞ்சம் நேரம் வேணும்” என்றால் போதும், அவருக்குப் புரியும். போனிலேயே பாவசங்கீர்த்தனத்தை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். முடியாது, நேரில்தான் போகவேண்டும்.

தவக்காலமும் வசதியான காலந்தான். விபூதிப் புதனன்று, இப்போது திருநீற்றுப் புதன் என்கிறார்கள், நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொள்ளலாம். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது. அதற்கு யாரும் உங்கள் கணக்கைக் கேட்கமாட்டார்கள். கோயிலுக்குள் கால் வைக்கப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல முதல் நாள். அந்த நாட்களில் பங்குக் கோயில்களில் தியானம் வைப்பார்கள், வெளியூரிலிருந்து குருக்கள் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். தெரியாத முகம் வேண்டும் என்பவர்களுக்கு அதுவே சமயம்.

எந்தக் கோயில்

சொந்தப் பங்கில், அதாவது நீங்கள் சேர்ந்த கோயிலில்தான், போகவேண்டும் என்று சட்டமில்லை. கீழவெளி வீதியில் தூய மரியன்னை பேராலயம் இருக்கிறது, நாயக்கர் மஹாலிலிருந்து நடக்கிற தூரம். ஊரே வந்துபோகிற இடம் என்பதால் அங்கே உங்களை யாரும் அடையாளம் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். நான் அதைவிடக் கோழை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மானாமதுரை ரோட்டில் 35 கிலோமீட்டர் போல இருக்கிற இடைக்காட்டூருக்கு முதலில் போனேன். 1894ல் பிரான்சு தேசத்து ரான்ஸ் பேராலயத்தைப் பார்த்துச் செங்கல்லில் கட்டிய இருதய ஆண்டவர் கோயில், வயல்காட்டு நடுவில் நிற்கிறது. அன்றைக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. லூக்கா சுவிசேஷம் 15ல், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்புகிற அந்த இளைய மகன் இன்னும் தொலைவில் வருகிறபோதே அப்பா பார்த்துவிட்டு ஓடிவருகிறார். அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கவே இல்லை.

ஆத்தும சோதனை

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெபப் புத்தகங்களின் பின்பக்கத்தில் பத்துக் கட்டளைகளை வைத்து நீளமான கேள்விப் பட்டியல் இருக்கும். புதுசாகத் திரும்புகிறவர்கள் அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். அந்தப் பட்டியலைப் படிக்கப் படிக்க ஞாயிற்றுப் பூசை விட்டது, வெள்ளிக்கிழமை கறி தின்றது என்று சுலபமானவை எல்லாம் வரிசையாக முன்னால் வந்து நிற்கும். பெரியது அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

முகங்களிலிருந்து ஆரம்பியுங்கள். யாரைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிறீர்கள்? யாருடைய போன் வந்தால் எடுக்காமல் அதிரவிடுகிறீர்கள்? எந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உங்களுக்கு வருவதில்லை? எந்தப் பேச்சு வந்தால் வீட்டில் சத்தம் போட்டு அடக்குகிறீர்கள்? எனக்கு மூன்று முகம் வந்தது. இரண்டு முகத்தின்மேல் எனக்குத்தான் கோபம், அவர்கள் மேல் தப்பு. மூன்றாவது முகம் தங்கச்சியுடையது. அதன் பிறகு எழுத ஆரம்பித்தேன்.

எழுதுவது நல்லது, பதற்றத்தில் மறந்துவிடும். ஆனால் அந்தத் தாளைச் சட்டைப் பையில் விட்டு வெளுக்கப் போடாதீர்கள். அதை எடுத்துப் படிக்கப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும். முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

பெரிய பாவங்களை இன்னது, ஏறக்குறைய இத்தனை தடவை என்று சொல்லவேண்டும். வருஷக்கணக்கில் நடந்ததை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. “கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு வருஷம், அடிக்கடி” என்றால் போதும். கதை வேண்டாம், காரணங்களும் வேண்டாம். முக்கியமாக அடுத்தவர் பாவத்தைச் சொல்லவேண்டாம். மாமியார் செய்ததை மாமியார் சொல்லிக்கொள்ளட்டும்.

எது பாவமில்லை என்பதையும் பிரித்து வையுங்கள். கெட்ட எண்ணம் வந்துபோவது சோதனை, அதற்கு நீங்கள் இடம் கொடுக்கும் வரை அது பாவமாகாது. நோய் பாவமில்லை, வறுமையும் பாவமில்லை. சின்ன வயதில் யாரோ உங்கள்மேல் கை வைத்திருந்தால் அது உங்கள் பாவமே இல்லை. இதை அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் போய்ப் பாவம் என்று சொல்லிச் சொல்லி அழுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிக்கிற கணவனிடம் அடிவாங்குகிற பெண்ணிடம் “நீ மனந்திரும்பு, அவர் மாறிடுவார்” என்று யாராவது சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

உள்ளே

பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று நம் பாட்டிகள் சொல்வார்கள், மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாரும் இந்தப் பக்கம் நாமும். இப்போது பல இடங்களில் நாற்காலி போட்டு எதிரெதிரே உட்காரவும் செய்கிறார்கள். சிலுவை அடையாளம் போட்டு “சுவாமி, பாவியாகிய என்னை ஆசீர்வதியும், கடைசியா பாவசங்கீர்த்தனம் செஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு” என்று ஆரம்பியுங்கள். வார்த்தை தவறினால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. மனஸ்தாப மந்திரம் ‘சர்வேசுரா சுவாமி’யோடு நின்றுபோனால், “மறந்துபோச்சு ஃபாதர்” என்று சொல்லுங்கள், அவர் எடுத்துக்கொடுப்பார். மந்திரம் மறந்ததற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

வாயில் வராமல் உள்ளே உருட்டுகிற ஒன்று இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் கடைசியில் சொல்லமாட்டீர்கள், அனுபவம். அந்த இளைய மகனும் பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்து பேச்சை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறான். ஆனால் “என்னை வேலைக்காரனா வச்சுக்குங்க” என்கிற கடைசி வரியை அவன் சொல்லவே முடிவதில்லை, அதற்குள் அப்பா அங்கி கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று ஆரம்பித்துவிடுகிறார். 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் தெரியும்.

கேட்டதைச் சாமியார் வெளியே சொல்ல முடியாது. கோர்ட்டில் கேட்டாலும், போலீஸ் கேட்டாலும் முடியாது. மீறிச் சொன்னால் அந்த நொடியே அவர் சபை விலக்குக்கு ஆளாகிறார். தெருவில் பார்த்தாலும் அவராக அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. காசும் கிடையாது. பாவசங்கீர்த்தனத்துக்கென்று யாராவது ஒரு ரூபாய் கேட்டாலும் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. கல்யாணம் கோயிலில் நடக்காமல் ரிஜிஸ்தர் ஆபீஸோடு முடிந்தவர்கள், முதல் கல்யாணம் முறிந்து இரண்டாவது கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள், இதைத் தொட்டியில் வரிசையில் நின்று பேசவேண்டாம். சாமியார் பங்களாவுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். அது காகிதம் சம்பந்தப்பட்ட வேலை, ஞானஸ்நான சர்டிபிகேட்டைச் சொந்தப் பங்கிலிருந்து வாங்கவேண்டியிருக்கும், மாதக்கணக்கில் ஆகலாம். அதற்காகப் பூசைக்குப் போகாமல் இருக்கவேண்டியதில்லை.

சி.எஸ்.ஐ. ஆட்களுக்கும் மற்றவர்களுக்கும்

1834ல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்ததிலிருந்து இங்கே சீர்திருத்த சபைக் குடும்பங்கள் நிறைய. 1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானபோது அவர்களில் பலர் அதில் வந்தார்கள். அங்கே தனியாகக் காதில் சொல்லும் முறை கிடையாது. திருவிருந்து ஆராதனையில் சபையார் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள், ஐயர், போதகரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், மன்னிப்பின் வார்த்தையைச் சொல்வார். பல வருஷம் கழித்துப் போகிறவர்கள் ஆராதனைக்கு முன்னால் ஐயரைத் தனியே பார்த்து ஜெபிக்கச் சொல்வது நல்லது. பெந்தெகொஸ்தே சபைகளில் முன்னால் வந்து சாட்சி சொல்லச் சொல்லலாம். விருப்பமில்லாவிட்டால் “இப்ப வேணாம் பாஸ்டர்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மைக் முன்னால் சொன்ன பாவத்துக்கு எந்த ரகசிய முத்திரையும் கிடையாது, மறுநாள் டீக்கடைக்கு வந்துவிடும். மனந்திரும்பினால் கடன் அடைந்துவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்கிற இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள்.

கிறிஸ்தவரல்லாதவர், ஆனால் மனசு இந்தப் பக்கம் இழுக்கிறது என்றால், பாவசங்கீர்த்தனம் உங்களுக்கு இப்போது இல்லை, அது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு. போய்ப் பேசலாம், உட்காரலாம், பூசை பார்க்கலாம். அவசரம் காட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வருத்தம் கழுத்தைப் பிடித்தால்

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் வருந்தினான், அவரைத் தெரியாது என்று மறுதலித்த இராயப்பரும் (பேதுரு) வருந்தினார். யூதாஸ் வாங்கின 30 வெள்ளிக்காசைக்கூடத் திருப்பிக் கொடுத்தான் என்கிறது மத்தேயு 27. ஆனால் அவன் போய் நின்றது காசு கொடுத்தவர்களிடம். “எங்களுக்கென்ன, அது உன் பாடு” என்றார்கள் அவர்கள். இராயப்பரோ மறுதலித்த வாயோடு, மீன்பிடிக்கிற படகிலிருந்து தண்ணீரில் குதித்து ஆண்டவரிடமே போனார். குற்றவுணர்ச்சி ஏறி ஏறி, உயிரோடு இருந்து என்ன என்கிற அளவுக்கு வந்தால் அதற்குப் பெயர் மனந்திரும்புதல் இல்லை. உடனே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு வகை இருக்கிறது. செய்த பாவசங்கீர்த்தனம் செல்லுமா, ஒன்று விட்டுப்போச்சோ என்று வாரத்துக்கு மூன்று தடவை வரிசையில் நிற்கிறவர்கள். சேசுசபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரே மன்ரேசாவில் இந்த மனச்சஞ்சலத்தில் மாதக்கணக்கில் அவதிப்பட்டிருக்கிறார். ஒரே குருவிடம் போங்கள், அவர் போதும் என்றால் போதும். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள், அதில் வெட்கமில்லை.

அபராதம் வேறு, கடன் வேறு

அம்மா இறந்த பிறகு திருமங்கலம் பக்கத்தில் இருந்த 4 சென்ட் இடத்துக்குத் தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். “நீ போட்டுக்கொடு, ஒன் பங்கை அண்ணன் பாத்துத் தாரேன்” என்றேன். அவள் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, கேட்காமல் போட்டுவிட்டுப் போனாள். இடத்தை விற்றேன். தரவில்லை. ஒரு வருஷம் முடை என்றேன், மறு வருஷம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகுதான் நான் கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினேன். காரணம் கேட்டவர்களிடம் பிரசங்கம் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

இதைச் சொன்னபோது சாமியார் பாவமன்னிப்பு தந்தார், அபராதமாக ஜெபமாலையில் பத்து மணி உருட்டிச் சொல்லச் சொன்னார். அவ்வளவுதானா என்று மனசு லேசாயிற்று. எழுந்திருக்கப் போனேன். “தங்கச்சி காசு?” என்றார். அதுவும் அபராதத்தில் சேருமா என்று கேட்டேன். “அது அபராதம் இல்லய்யா. அது கடன்” என்றார்.

சுவிசேஷத்தில் வருகிற வரிவசூல்காரன் சக்கேயு, அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். நமக்கு நாலு மடங்கு வேண்டாம், ஒரு மடங்காவது வேண்டும். களவு, ஏமாற்று, அவதூறு எதுவானாலும் முடிந்த அளவு ஈடுகட்டுகிற எண்ணம் இல்லாமல் மனஸ்தாபம் முழுசாகாது என்பது சபையின் போதனை. ஆள் இறந்திருந்தால் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். யாரென்றே தெரியாத ஆளானால் ஏழைகளுக்குப் போடலாம். பெயரைக் கெடுத்திருந்தால், கெடுத்த இடத்திலேயே போய்த் திருத்திச் சொல்லவேண்டும். இது பணத்தைவிடக் கஷ்டம். ஒரே விதிவிலக்கு, நீங்கள் போய்ச் சொல்வது அவர்களுக்கு இன்னும் காயமாகும் என்றால் முதலில் சாமியாரைக் கேளுங்கள். உங்கள் மனபாரத்தை இறக்கி வைக்க அவர்கள் தலையைத் தேடாதீர்கள்.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற கதை ஒன்று உண்டு. போர்த்துகீசிய சேசுசபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) காலத்தில், மறவ நாட்டு இளவரசர் தடியத்தேவன் மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றபோது, ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலை, மறவ நாட்டு அரசர் சேதுபதிக்கு உறவு. அவள் முறையிட்டதில் வினை முற்றி, 1693 பிப்ரவரி 4ல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. பிரசங்கங்களில் கடலை கெட்டவளாகவே வருகிறாள். ஒருவர் திருந்தியதன் விலையை இன்னொருவர் வாழ்க்கையில் வசூலித்திருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். குடியை விட்டவன், சூதை விட்டவன், திருந்திய கையோடு வீட்டிலிருப்பவர்களை விரட்டிப் பிரசங்கம் பண்ணுகிறான் அல்லவா, அது கடலையிடம் கேட்காமல் எடுத்த முடிவின் சின்ன வடிவந்தான்.

நான் உசிலம்பட்டிக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். கேட்டுவிட்டு, “இதச் சொல்றதுக்கு ஒனக்கு ஒரு சாமியார் வேண்டியிருந்துச்சாக்கும்?” என்றாள். பதில் இல்லை. விற்ற விலையில் அவள் பங்கு 1,80,000 ரூபாய். மொத்தமாக என்னிடம் இல்லை. மாதம் 5,000 என்று பேசினோம். ஜிபேயில் போட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம், கையில் கொண்டுவந்து கொடு என்றாள்.

முதல் நாலு மாதம் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். இப்போது உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, என் முன்னாலேயே எண்ணுகிறாள். இன்னும் 11 மாதம் பாக்கி.